காரம் கூட்டிப் போட்ட பல் சோப்பு

வண்டன்மேடு
10.2.2024

மதினிக்கு,

உங்கள் பட்டன் போனுக்குத் தமிழில் மெசேஜ் அனுப்பினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக விழுகிறது என்றீர்கள். நான் இருக்கும் ஏலத்தோட்டத்தில் டவரே கிடையாது. ஒரு போன் பேச மேல் ரோட்டு வளைவு வரைக்கும் ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால் இனிமேல் கடிதாசிதான். சுரேஷ்கண்ணன் தினமும் அனுமந்தன்பட்டியில் உங்கள் தெரு வழியாகத்தானே ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருகிறான். அவனிடம் கொடுத்து விடுங்கள். பிரித்துப் படிக்க மாட்டான், அவ்வளவு பொறுமை அவனுக்குக் கிடையாது.

நீங்கள் போட்டு அனுப்பிய பல் சோப்பு முழுக்கத் தீர்ந்துவிட்டது. ஈரப் பிரஷ்ஷைச் சோப்பில் நாலு இழுப்பு இழுத்துப் பல் தேய்க்க வேண்டும் என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். “துணி தொவைக்கவும் பல்லு வெளக்கவும் ஒரே சோப்பாத்தா?” என்று கருத்தம்மாக்கா கேட்டார். கம்பத்திலிருந்து தினமும் காய் எடுக்க வருகிறவர், சரியான வாயாடி. இப்போது அவர்தான் முதல் ஆளாக வந்து வாங்குகிறார். குமுளியில் டூரிஸ்ட்டுகள் வந்துபோகும் ஒரு கடையிலும் வைத்திருக்கிறேன். ‘ஃபுளோரைடு இல்லாதது, சொத்தை வராது’ என்று நீங்கள் எழுதிய லேபிளைப் படித்துவிட்டுத்தான் எடுக்கிறார்களாம். என் மகள் ஜாய்ஸும் அதில்தான் தேய்க்கிறாள்.

குறை என்றால், இங்கே மஞ்சு இறங்கினால் சோப்பு ஈரம் குடித்துக் களி மாதிரி ஆகிவிடுகிறது. மஞ்சு என்றால் பனிமூட்டம். பாருங்கள், முக்கால் மலையாளத்துக்காரி ஆகிவிட்டேன். தேய்த்தாலும் தேய்த்த மாதிரியே இல்லை என்கிறார்கள். அதனால் அடுத்த தடவை காரம் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். கேட்காத ஆளே இல்லை. ஈஸ்டருக்கு எனக்கு வேண்டும்.

அண்ணன் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் நீங்கள் தனியாக இருப்பதை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சோப்பு வேலை இருக்கிறதே என்றுதான் மனசை ஆற்றிக்கொள்கிறேன். அது இல்லையென்றால் தேவதானப்பட்டியிலிருந்து உங்கள் அண்ணன் வந்து எப்போதோ உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அப்புறம் அனுமந்தன்பட்டியில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஜெஸ்லின்

அனுமந்தன்பட்டி
16.2.2024

அன்புள்ள ஜெஸ்லின்,

கடிதமும் ஏலக்காயும் கிடைத்தன. ஏலக்காய் எதற்கு? நான் ஒருத்தி, எத்தனை டீ குடிப்பேன்?

நேற்று சோப்பு போட்டுவிட்டேன். நீ சொன்னபடி காரம் கூட்டியிருக்கிறேன். முதலில் யோசனையாகத்தான் இருந்தது. தேனியில் எங்களுக்குச் சோப்பு வகுப்பு எடுத்த அம்மா, தேங்காய் எண்ணெய்க்கு இவ்வளவு, நல்லெண்ணெய்க்கு இவ்வளவு, அதற்கு மேல் சிட்டிகைகூடப் போகக் கூடாது என்பார்கள். ஆனால் அங்கே களி மாதிரி ஆகிறது என்கிறாய். கூட்டினால் இறுகத்தானே செய்யும் என்று போட்டேன். கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டுதான் கரைத்தேன். அப்படியும் ஆவி பட்டுக் கண் எரிந்தது. கிராம்புத் தைலம் எப்போதும் போடுகிற அளவுதான். அது கூடினால் கலவை கரண்டியிலேயே கட்டிக்கொள்கிறது.

தபசு காலம் நாற்பது நாளும் மூங்கில் தட்டில் காயட்டும். ஈஸ்டருக்குச் சரியாக இருக்கும்.

போன வாரம் தேவதானப்பட்டிக்குப் போய் வந்தேன். அண்ணன் வரச் சொல்லியிருந்தான். வேறு விசேஷம் இல்லை. ஜாய்ஸை இனிப்பு அதிகம் தின்ன விடாதே.

எஸ்தர்

அனுமந்தன்பட்டி
29.3.2024, பெரிய வெள்ளி

ஜெஸ்லின்,

சோப்பு எல்லாம் இந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது. கல் மாதிரி இறுகியிருக்கிறது, மஞ்சுக்குத் தாங்கும். இன்றைக்கு ஒருசந்தி விரதம், மூன்று மணி வழிபாட்டுக்குப் போக வேண்டும். அவசரமாகக் கட்டினேன். நாளைக் காலை ஜீப்பில் வந்து சேரும்.

உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். ஈஸ்டர் முடியட்டும், போனில் சொல்கிறேன்.

எஸ்தர்

அனுமந்தன்பட்டி
2.4.2024

ஜெஸ்லினுக்கு,

நேற்றுக் காலையில் உன்னைக் கூப்பிட்டேன். எடுத்தாய். நீ மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன், அப்போதும் அப்படியே. அதற்கப்புறம் சுவிட்ச் ஆஃப்.

எனக்குப் புரிந்துவிட்டது. தேவதானப்பட்டியிலிருந்து யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். நான் சொல்வதற்கு முன்னால் இன்னொருவர் சொல்லி நீ கேட்டது தப்புதான். அதற்காக என்னிடம் பேசாமல் இருப்பாயா?

உண்மைதான். எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். கெங்குவார்பட்டிக்காரர், பெயர் அந்தோணிமுத்து. மின்வாரியத்தில் லைன்மேன். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. அண்ணன் முதலில் சொன்னபோது வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் அவரே ஒருநாள் என் அண்ணனோடு இங்கே வந்தார். அதிகம் பேசவில்லை. உள்ளறையில் சோப்பு காய்கிற தட்டுகளைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எங்க வீட்டு மாடி அறையில வச்சாக் காயுமா? அங்கன காத்து நல்லா வரும்” என்று கேட்டார். இரண்டு வருஷமாக எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். சோப்பு எங்கே காயும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர் போன பிறகு அண்ணனிடம் சரி என்றேன்.

உன் அண்ணனை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. நான் அவரோடு பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தேன். ஆனால் ஜெஸ்லின், தனியாக உட்கார்ந்து சோறு தின்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருக்காதே.

எஸ்தர்

வண்டன்மேடு
4.4.2024

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் கல்யாணப் பேச்சு நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தது வாய் வெந்துபோனதால்.

ஈஸ்டருக்கு மறுநாள் காலையில் உங்கள் புதுச் சோப்பில் பல் தேய்த்தேன். வைத்ததுமே சுர்ரென்று இழுத்தது, கேட்டபடி போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் கிராம்பில் வாய் மரத்துப்போய் எரிச்சல் ஒன்றும் தெரியவில்லை. நன்றாக, பொறுமையாகவே தேய்த்துத் தொலைத்தேன். கொப்பளித்த பிறகு பார்த்தால் உள்கன்னம் வெளேரென்று தோல் உரிந்து தொங்குகிறது, நாக்கு தடித்துப்போய்விட்டது. கட்டப்பனைக்கு ஓடினோம். நீங்கள் கூப்பிட்டபோது பல் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எடுத்தேன், நாக்கு புரளவில்லை. இரண்டாவது தடவையும் உங்கள் குரல் கேட்டதும் என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார். உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு கோபம்.

நேற்று ஒரு நாள் ஜீப் வரவில்லை, இல்லையென்றால் முன்னாலேயே எழுதியிருப்பேன்.

சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சிக் கிடக்கிறது என்றார் டாக்டரம்மா. என்ன காரியம் செய்தீர்கள் மதினி? காரம் கூட்டுங்கள் என்றால் கிராம்பைக் கூட்டுங்கள் என்று அர்த்தம். வாய்க்குச் சுர்ரென்று இருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். குழம்புக்குக் காரம் போதவில்லை என்று சொன்னால் காஸ்டிக்கை எடுத்தா கொட்டுவீர்கள்?

ஈஸ்டர் அன்றைக்குக் கோயில் வாசலில் வைத்துப் பாதியை விற்றுவிட்டேன். டாக்டரிடமிருந்து வந்ததும் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கை ஜாடை காட்டித் திரும்ப வாங்கினேன். பழையது தீரட்டும் என்று ஒருவரும் பிரிக்காமல் வைத்திருந்தார்கள், அது கர்த்தர் புண்ணியம். குமுளிக் கடைக்கு இன்னும் கொடுக்கவில்லை. கருத்தம்மாக்கா சனிக்கிழமையே வாங்கிப்போன துண்டு மட்டும் வரவில்லை. அதைக் கம்பத்தில் மகள் மாரீஸ்வரிக்குக் கொடுத்துவிட்டாராம். நீங்கள்தான் போய் வாங்க வேண்டும், உடனே.

போனதற்கு ஜாய்ஸின் வாயையும் டாக்டரம்மா பார்த்தார். இரண்டு பல்லில் சொத்தை. பிள்ளை ஃபுளோரைடு இல்லாத சோப்பில்தான் தேய்க்கிறாள் என்று பெருமையாகக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைக்கு ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டே கொடு என்று சொல்லிவிட்டார். நாம் லேபிளில் சொத்தை வராது என்று எழுதி விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இனி மற்றது. கோபமாக வருகிறது, அழுகையும் வருகிறது. வாயைத் திறந்து அழவும் முடியவில்லை, வலிக்கிறது. தபசு காலம் முழுக்க என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். சுவரில் இருக்கும் அண்ணன் படத்தைக் கழற்றிவிடுவீர்களா? நான் ஊருக்கு வந்தால் எந்த வீட்டுக்கு வருவேன்? நீங்கள் எனக்கு யார் என்று நான் சொல்லிக்கொள்வது?

இனிமேல் சோப்பு அனுப்ப வேண்டாம்.

ஜெஸ்லின்

அனுமந்தன்பட்டி
8.4.2024

ஜெஸ்லின்,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் அப்படியே கம்பத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். மாரீஸ்வரி வீட்டைக் கண்டுபிடித்துச் சோப்பைக் கேட்டேன். அவள் அதைப் பல்லில் வைக்கவே இல்லை. “எங்காத்தா எதக் குடுத்தாலும் நான் வாயில வைக்க மாட்டேங்க்கா. சிங்க்கு வெளக்குனேன், கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. இன்னும் ரெண்டு இருந்தாக் குடுங்க” என்றாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. மிச்சத் துண்டை வாங்கி வந்துவிட்டேன்.

வகுப்பு எடுத்த அம்மா காஸ்டிக்கைக் காரம் என்றுதான் சொல்வார்கள். அமிலம், காரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சோப்பு விஷயமாக நீ காரம் என்று எழுதினால் என் மண்டைக்குள் வேறு எதுவும் வராது. களி மாதிரி ஆகிறது என்றும் கூடவே எழுதியிருந்தாய். பொட்டலம் கட்டும்போது எப்போதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். காரம் மிஞ்சியிருந்தால் சுரீர் என்று இழுக்கும், அந்தக் கணமே தெரிந்துவிடும். அன்றைக்குப் பெரிய வெள்ளி, ஒருசந்தி. நாக்கில் எதுவும் படக் கூடாது என்று வைக்கவில்லை. ஆண்டவருக்காகச் செய்தேன் என்று நினைத்தேன், உன் வாயில் போய் விடிந்திருக்கிறது. என்ன காரணம் சொன்னாலும் உன்னை வேக வைத்தது என் கைதான். உன் வீட்டுக்காரர் கோபப்பட்டது நியாயம். அவரிடம் நேரில் வந்து சொல்கிறேன்.

ஜாய்ஸ் விஷயம் என்னைக் குடைகிறது. சொத்தை வராது என்று நானாகத்தான் எழுதினேன். எந்தப் படிப்பை வைத்து எழுதினேன்? பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள், அதை வைத்து.

படத்தைக் கழற்ற மாட்டேன். அது உன் அப்பா கட்டிய வீடு. நான் போனால் சாவி உன்னிடம் வரும், நீ வந்து திறக்கிற வீடாகவே இருக்கும். நீங்கள் எனக்கு யார் என்று கேட்டிருந்தாய். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தால் இந்த இரண்டு மாதத்தில் உன்னிடம் சொல்லியிருப்பேன். உன்னிடம் சொல்லப் பயந்தது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே கோயிலில் முதல் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், உனக்குத் தெரியாததா? உனக்கு மனசு இல்லை என்றால் அதற்கு முன்னால் எழுது. நிறுத்திவிடுகிறேன். ஊருக்காகவோ அண்ணனுக்காகவோ நிறுத்த மாட்டேன், நீ சொன்னால் நிறுத்துவேன்.

எஸ்தர்

வண்டன்மேடு
16.4.2024

மதினிக்கு,

வாய் தேறிவிட்டது. மோரும் கஞ்சியும் குடித்துக் குடித்து நாக்கு செத்துக் கிடக்கிறது. நேற்றுத்தான் மீன் குழம்பு தொட்டுக்கொண்டேன்.

சோப்பு அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தேன், அதை அடித்துவிடுங்கள். கருத்தம்மாக்கா ஆளை விடமாட்டேன் என்கிறார். “ஏத்தா, உங்க மதினி கை தவறிப் போட்டாகன்னா அதுக்காக நாங்க பல்லு வெளக்காம இருக்கணுமா?” என்று ஜீப்பிலிருந்து இறங்கியதும் கேட்கிறார்.

ஆனால் இனி காஸ்டிக் என்றால் காஸ்டிக், கிராம்பு என்றால் கிராம்பு. காரம் என்ற சொல் நம் இரண்டு பேருக்கும் நடுவில் குழம்புக்கு மட்டும்தான். காஸ்டிக் பழைய அளவே இருக்கட்டும். களி மாதிரி ஆவதற்குத் துளை போட்ட டப்பா வாங்கி ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுகிறேன். கிராம்பை முடிந்த மட்டும் கூட்டுங்கள், கட்டிக்கொண்டால் கடைசியில் ஊற்றிப் பாருங்கள்.

லேபிளில் ‘சொத்தை வராது’ கூடாது. ‘ஃபுளோரைடு இல்லாதது’ இருக்கட்டும், அது உண்மை. அதற்குக் கீழே, பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டுக் கொடுக்கவும் என்று எழுதுங்கள். குமுளிக் கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஜாய்ஸுக்குக் கடைப் பேஸ்ட் வாங்கிவிட்டேன். மதினி சோப்புதான் வேண்டும் என்று அவள் முதல் நாள் அழுதாள். அவளும் உங்களை மதினி என்றுதான் சொல்கிறாள், அத்தை என்று எவ்வளவு சொன்னாலும் வாயில் வரவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதில் இல்லை. ஒளித்து வைத்துக்கொள்ளவில்லை, இன்னும் வரவில்லை.

ஜெஸ்லின்

அனுமந்தன்பட்டி
29.4.2024

ஜெஸ்லின்,

நேற்று முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். சனிக்கிழமை வரை ஜீப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுரேஷ்கண்ணன், “ஒண்ணும் குடுத்து விடலக்கா” என்று அவனாகவே கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஃபாதரைப் பார்த்து நிறுத்திவிடச் சொல்லலாம் என்று கிளம்பினேன். கேட் வரைக்கும் போய்விட்டேன். வேண்டாம் என்று நீ எழுதவில்லை. எழுதாத ஒன்றுக்கு நானாக ஏன் நிறுத்த வேண்டும் என்று திரும்பி வந்தேன். வந்த பிறகு, சரி என்றும் நீ எழுதவில்லையே என்று தோன்றியது. தூக்கம் வரவில்லை.

மே 15 புதன்கிழமை, காலைத் திருப்பலியில் கல்யாணம். கூட்டம் கூட்டவில்லை. சேலை அண்ணன் எடுத்துவிட்டான்.

புதுச் சோப்பு போட்டிருக்கிறேன், பழைய அளவில். கிராம்பைக் கடைசியில் ஊற்றினேன், கட்டிக்கொள்ளவில்லை, உன் யோசனை சரி. இது காய்ந்து முடிவது கெங்குவார்பட்டியில்தான் என்று நினைக்கிறேன். அங்கிருந்து உனக்கு ஜீப் கிடையாது. எப்படி அனுப்புவது என்று பார்க்க வேண்டும்.

நீ மனசு கசந்துகொண்டிருக்கும்போது என்னால் சந்தோஷமாக இருக்க முடியாது. இதை எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன்.

எஸ்தர்

வண்டன்மேடு
6.5.2024

மதினிக்கு,

நேற்று நான் அனுமந்தன்பட்டியில்தான் இருந்தேன். உங்களுக்குத் தெரியாது. முதல் பஸ்ஸில் இறங்கி, பூசை தொடங்கிய பிறகு கோயிலுக்குள் நுழைந்து, கடைசியில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் முன்னால் இடது பக்கம் மஞ்சள் சேலையில் இருந்தீர்கள். திரும்பியே பார்க்கவில்லை.

தடை சொல்லத்தான் வந்தேனோ என்னவோ. மலையிறங்கும்போது அப்படித்தான் இருந்தது. அண்ணனுக்காக யாராவது ஒருத்தர் வருத்தப்பட வேண்டாமா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது ஓலை வாசித்தார்கள். அருண் ஜோசப்பின் கைம்பெண் எஸ்தருக்கும் என்று அண்ணன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். தடை தெரிந்தவர்கள் என்று சொன்னபோது உங்கள் தோள் அப்படியே இறுகியது. கடைசி வரிசையிலிருந்து எனக்கு அது தெரிந்தது. என் பெயரைச் சொல்லி யாராவது எழுந்திருப்பார்கள் என்று பயந்து உட்கார்ந்திருந்தீர்கள். அப்படி உங்களை உட்கார வைத்தது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷமாகத் தனியாகச் சோறு தின்றவருக்கு நான் மலை மேலிருந்து ஏலக்காய் அனுப்பிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

பூசை முடிவதற்குள் வெளியே வந்துவிட்டேன். வாசலில் சம்மனசம்மாள் பெரியம்மா பிடித்துக்கொண்டார்கள். “ஏத்தா, நீ அருண் தங்கச்சிதான? எஸ்தரப் பாக்காமயா போற?” என்றார்கள். அவசரம் என்றேன். அவர்களாகவே எல்லாம் சொன்னார்கள். “மாப்பிள்ள தங்கமான ஆளு. என்ன, கூடப்பொறந்த பொம்பளப்பிள்ள இல்ல. மூணாவது முடிச்சுப் போட ஆள் தேடுறாக. நாத்தனா மொறைக்கு ஒண்ணுவிட்ட சொந்தத்துல யாரையோ திண்டுக்கல்லுலருந்து கூட்டிட்டு வாராகளாம்” என்றார்கள்.

பஸ்ஸில் கம்பம்மெட்டு ஏறுகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். யாரோ திண்டுக்கல்காரி, உங்களை இதற்கு முன்னால் பார்த்துக்கூட இருக்க மாட்டாள்.

அண்ணன் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுத்ததும் மூன்றாவதை உங்கள் கழுத்தில் போட்டவள் நான். அவசரத்தில் நூல் நழுவி, நீங்கள்தான் குனிந்தபடியே, “மெதுவாப் போடு ஜெஸ்லின், நான் எங்கயும் ஓடிற மாட்டேன்” என்றீர்கள். இந்தத் தடவை நழுவ விட மாட்டேன். திண்டுக்கல்காரியை வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்காரரும் ஜாய்ஸும் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே இறங்கிவிடுவோம்.

மூணாவது முடிச்சு நான் போடுகிறேன்.

உங்கள் நாத்தனார்,
ஜெஸ்லின்